அந்தத் தேதியில் அவர் இருந்த இடம்

எங்கள் ஆபீஸ் ஜீப்பின் லாக் புக்கில் ஒரு நாள் இப்படி எழுதியிருந்தது: "காக்களூர் – ஆவடி. ஐயாவின் மாமியார் வீடு. கிரைண்டர் இறக்கப்பட்டது. திரும்ப காக்களூர். மொத்தம் 44 கி.மீ."

எழுதியவர் ஜீப் டிரைவர். கம்பெனிகளை ஆய்வு செய்வது எங்கள் ஆபீஸின் வேலை. அரசாங்க வண்டி எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதும் நோட்டுதான் லாக் புக். எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. எந்த ஆபீஸ் லாக் புக்கிலும் மாமியார் வீடு வராது. சூப்பிரண்டெண்ட் அவரைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"யோவ், இன்னாய்யா எழுதி வெச்சிருக்க? ஆய்வுப் பணின்னு போட்டா உன் கை தேஞ்சா பூடும்?"

"ஆய்வுக்குப் போவலயே சார்."

"அவங்க மாமியார் ஊட்டாண்ட ஒரு கம்பெனி கூடவா இல்ல?"

"இருக்கும் சார். நாம போவல."

சூப்பிரண்டெண்ட் தலையில் அடித்துக்கொண்டார். நான் பில் கிளார்க், பக்கத்து மேஜை. சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். டிரைவர் அதிகாரியை மாட்டிவிட நினைத்திருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஆளைச் சமாளிக்கவும் தெரியும், அவனுக்கும் ஏதாவது வேண்டியிருக்கும். இவருக்கு எதுவும் வேண்டாம். போன இடத்தைப் போன இடம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து அதிகாரி மாமியார் வீட்டுக்குச் சொந்தக் காரில் போனார்.

டிரைவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத இடத்தில் ஒருமுறை அவர் பெயரை எழுதிவிட்டேன், அது போதும். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார் என்று மட்டும் கேள்வி. தான் இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் போன் எடுத்தால் எல்லோரும் சொல்வது ஒரே பதில். "வந்துக்கினே இருக்கேன்." போர்வைக்குள் படுத்துக்கொண்டே சொல்வோம். நானும் மணவாள நகர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே ஆபீஸ் வாசலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது வராது. கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஒரு நாள் அதிகாரி காலை ஏழு மணிக்குப் போன் போட்டு, "எங்கய்யா இருக்க?" என்று கத்தினார். "இன்னும் ஊட்லதான் சார். சட்டை போட்டுக்கினு இருக்கேன்." அவர் வந்து சேர்ந்தது சரியான நேரத்துக்குத்தான். ஆனாலும் அந்தச் சட்டையை அதிகாரி ஒரு வாரம் சொல்லிக் காட்டினார்.

எங்கள் ஆபீஸில் மூவ்மென்ட் ரிஜிஸ்டர் என்று ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. யார் வெளியே போனாலும் எங்கே, எப்போது, திரும்பியது எப்போது என்று அதில் எழுத வேண்டும் என்பது விதி. ஆடிட் வருவதற்கு முதல் நாள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு வருஷத்தை மொத்தமாக எழுதுவோம். அவர் மட்டும் அன்றன்றைக்கு எழுதுவார். "டீ. எதிர்க் கடை. 11.05 – 11.15." தனியாகத்தான் போவார். முதலில் நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் எங்களையும் சேர்த்து எழுத ஆரம்பித்த பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு அது ஏன் என்று புரிந்ததா தெரியாது. மத்தியானம் ஜீப்பில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். ஜீப் நிழலில் நின்றாலும் வெயிலில் நின்றாலும் அங்கேதான்.

எங்கள் அதிகாரியின் அறைக்கு முழுக் கதவு கிடையாது. ஸ்பிரிங் வைத்து இரண்டு பக்கமும் ஆடுகிற அரைக் கதவு. உள்ளே நிற்பவர் முகம் தெரியாது, முழங்காலுக்குக் கீழே தெரியும். காலைப் பார்த்தே யார் திட்டு வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். சூப்பிரண்டெண்டுக்குக் கட்டை விரல் பிய்ந்த தோல் செருப்பு. எனக்குப் பச்சை வார் வைத்த செருப்பு. திருவள்ளூர் பஜாரில் ஆசைப்பட்டு வாங்கியது, ஆபீஸில் கிளி என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ தெரிந்தால் அது டிரைவர். அரசாங்க டிரைவர்களில் ஷூ போடுகிறவரை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை.

அந்த ஷூ ராணுவப் பழக்கம். அவர் பிராந்திய ராணுவத்தில் பெயர் கொடுத்திருந்தார். வேலையை விடாமலே ராணுவத்திலும் இருப்பது. வருஷத்துக்கு ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். எப்போதாவது அவசரம் என்று கூப்பிட்டால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ போய் இருக்க வேண்டும். அந்த நாட்களையெல்லாம் அரசு ஊழியருக்குப் பணி நாட்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ராணுவம் தரும் சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசத்தை ஆபீஸ் தர வேண்டும் என்று ஆணை இருக்கிறது. அதன் நகலை அவர் பாலிதீன் உறையில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் பயிற்சி முடிந்து வந்ததும் மூன்று வரியில் ஒரு விண்ணப்பம் எழுதி, நகலை இணைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு வருஷமும் சூப்பிரண்டெண்ட், "இதுக்கெல்லாம் மேல இருந்து தனியா லெட்டர் வரணும்பா" என்று சொந்த விடுப்பில் கழித்துவிடுவார். விடுப்பு தீர்ந்த வருஷம் சம்பளமில்லாத விடுப்பு. டிரைவர் ஒருமுறைக்கு மேல் கேட்க மாட்டார். அடுத்த வருஷம் மறுபடி அதே மூன்று வரி.

"அரசாங்க வேல இருக்குது. உனக்கு எதுக்குய்யா இந்தப் பேஜாரு?" என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். முகாமிலும் அப்படித்தானாம். இங்கே அவரை மிலிட்டரி என்பார்கள், அங்கே சிவில் என்பார்கள். நானும் ஒருநாள் கேட்டேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஆய்வுக்குப் போயிருந்தோம், அதிகாரி ஒரு இரும்பு உருக்கும் கம்பெனிக்குள் போய்விட்டார். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க தெனம் காலைல பேர் கூப்புடுவாங்க மேடம். இருக்கேன்னு சொல்லணும்."

"அதுக்கா போறீங்க?"

"இங்க நான் இருக்கனா இல்லயான்னு யாரு கேக்கறாங்க?"

சொல்லிவிட்டு ஜீப் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அன்றே திரும்பும் வழியில், ஆர்.சி. புத்தகத்தை எடுக்க வேண்டும் என்று தன் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். வரிசை வீட்டில் ஒரு ரூம். இரண்டு பக்கமும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் ஆட்கள். அவர் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது: "வேலைக்குப் போயிருக்கிறேன். மாலை 7.30க்கு வருவேன்."

"யாருக்குண்ணே இது?"

"யாராச்சும் வந்தா?"

"யாரு வருவாங்க?"

"இதுவரிக்கும் வர்ல மேடம்."

அதிகாரி பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா இறந்து, கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்த புதிது அது. வீட்டில் அம்மாவும் நானும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டும்போது எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும். அழுகைகூட வந்திருக்கிறது.

அவருக்கு ஒரு அக்கா உண்டு. ஆரம்பாக்கத்தில் இருந்தார், கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. வீட்டுக்காரர் விட்டுப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே பெண் திருவள்ளூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புச் செலவு முழுக்கத் தம்பியுடையது. இதெல்லாம் அவர் சொல்லித் தெரியவில்லை. அந்த அக்காவே பிற்பாடு வந்து சொன்னார்.

வடக்கே எல்லையில் பதற்றம் என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் அவருக்கு அழைப்பு வந்தது. எட்டு நாளில் போய்ச் சேர வேண்டும். ஜீப்பை ஒப்படைத்தார். ஸ்டெப்னி, ஜாக், ஸ்பேனர், பாதி தீர்ந்த கூலன்ட் பாட்டில் வரைக்கும் பட்டியல் போட்டு சூப்பிரண்டெண்டிடம் கையெழுத்து வாங்கினார். அதே மூன்று வரி விண்ணப்பத்தைக் கொடுத்தார். கடைசியாக நீல நோட்டை எடுத்து, "ராணுவப் பணி" என்று எழுதினார். திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, எடுத்து, "தெரியவில்லை" என்று போட்டார். "போய்ட்டு வரேன் மேடம்" என்றார். நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவரும் வாசல் வரை போகவில்லை.

இந்த முறை ஒரு மாதம் அல்ல என்பதால் சூப்பிரண்டெண்ட் பயந்துபோய் ஃபைலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். விளக்கம் வரும் வரை சம்பளம் போடக் கூடாது என்றார். விளக்கம் வரவில்லை. முதல் மாதம் போனது. இரண்டாவது மாதம் போனது. அங்கே கொடுத்தது இங்கே வாங்கியதைவிடக் குறைவு, அதிலும் அவர் சாப்பாடு போக மிச்சத்தை அக்காவுக்கு அனுப்புகிறாராம். ஒரு நாள் அக்கா வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் கேக்காதன்னு சொன்னாம்மா. ஆர்டர் இருக்குது, தானா வரும்னான். பொண்ணுக்கு கடசி வருசம். பீஸு கட்டலன்னா பரீச்ச எழுத வுட மாட்டாங்களாம். அந்த வித்தியாசம்னு சொன்னானே, அதாச்சும் வருமாம்மா?"

அவர் போன பிறகு சூப்பிரண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். ரிட்டயர் ஆக ஐந்து மாதம் இருந்தது.

"மெடிக்கல் லீவு போட்டுடும்மா. தொண்ணூறு நாள் முழு சம்பளம் வந்துரும். ஸ்டேஷனாண்ட நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம். பொண்ணு பீஸு கட்டட்டும். ஆர்டர் வந்தா பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அவரு கையெழுத்து?"

"லாக் புக் பூரா அவன் கையெழுத்துதானே. பாத்துப் போடு. நல்லதுக்குத்தானே பண்றோம்."

அரசு அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், இது எங்களுக்குக் குற்றமாகவே படாத விஷயம். கல்யாணத்துக்கு மெடிக்கல் லீவு, குலதெய்வம் கோயிலுக்கு மெடிக்கல் லீவு, பையன் பரீட்சைக்கு மெடிக்கல் லீவு. பாதி ஆபீஸுக்கு வருஷத்தில் ஒருமுறை மஞ்சள் காமாலை வரும். நான் லாக் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளைத் தாளில் பத்துத் தடவை பழகினேன். "கடுமையான முதுகுத் தண்டு வலி காரணமாக" என்று அவர் பெயரில் விண்ணப்பம் எழுதி, கையெழுத்தையும் போட்டேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார், அப்போது எங்களுக்கு முழுநேர அதிகாரி இல்லை. வேறு ஆபீஸிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் ஒருவர் வந்து, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். போட்டார். அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது. யாருக்கோ நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த மாதம் அவரிடமிருந்து போன். "மேடம், நான் கேம்ப் கேட்டுக்கு உள்ள, இடது பக்கம், மரத்தாண்ட நிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். காற்றுச் சத்தம் பலமாக இருந்தது.

"சம்பளம் முழுசா வந்திருக்குது மேடம். வித்தியாசம் மட்டுந்தானே வரணும்?"

"பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கண்ணே. நீங்க எடுத்துக்குங்க."

"ஆர்டர் வந்துடுச்சா?"

"வந்துரும்."

அவர் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு அதை மட்டும் அக்காவுக்கு அனுப்பினார். மற்றதைத் தொடவில்லை. மூன்று மாதமும் அப்படியே. பெண் பரீட்சை எழுதினாள். தொண்ணூறு நாளுக்கு மேல் அந்த வழி நீளவில்லை. மீதி எட்டு மாதம் இங்கிருந்து அவருக்கு ஒன்றும் போகவில்லை. சூப்பிரண்டெண்ட் மாலை போட்டுக்கொண்டு ரிட்டயர் ஆனார். போகும்போது, "என் பேரு எங்கயும் வராம பாத்துக்கம்மா" என்று காதோரம் சொன்னார்.

பதினோரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் டிரைவர் வந்தார். கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. நீல நோட்டைத் தேடி எடுத்து, பழைய வரியைக் கண்டுபிடித்து, "தெரியவில்லை"யை அடித்துவிட்டுத் தேதியும் நேரமும் எழுதினார். பிறகு தன் பணிப் பதிவேட்டைக் கேட்டார். அரசு ஊழியரின் வேலைக் காலம் முழுவதும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டே வாசித்தார். ஒரு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

"மேடம், எனக்கு முதுகு வலியா?"

புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தொண்ணூறு நாள் படுத்துக்கினு இருந்தேன்னு எழுதியிருக்குது. நான் அங்க நின்னுக்கினு இருந்தேன் மேடம்."

குரலை உயர்த்தவில்லை. வலி இருப்பவர் மாதிரி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார், கை தானாக அங்கே போனது. நான் அக்கா வந்ததைச் சொன்னேன், பீஸைச் சொன்னேன், சூப்பிரண்டெண்டைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுக்குத்தான் பண்ணீங்க. இத்த திருத்தணும். தப்பா பதிஞ்சிடுச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மேடம். நான் அங்க இருந்ததுக்கு யூனிட்ல குடுத்த பேப்பர் இருக்குது."

"விட்டுருங்கண்ணே. கேட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

அவர் பத்து நாள் காத்திருந்தார். தினமும் காலையில் என் மேஜையைத் தாண்டும்போது ஒரு நொடி நிற்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதினோராவது நாள் அவரே எழுதிக் கொடுத்தார். மூன்று வரி. "நான் மருத்துவ விடுப்பில் இல்லை. ராணுவப் பணியில் இருந்தேன். பதிவைத் திருத்தித் தர வேண்டுகிறேன்." என் பெயர் அதில் இல்லை.

இதற்குள் எங்களுக்கு வந்திருந்த புது அதிகாரிக்கு அந்த மூன்று வரியைப் படித்ததும் வேறு ஒன்றுதான் தெரிந்தது. பொய்ச் சான்றிதழ் கொடுத்து ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறான் இந்த டிரைவர். ஒழுங்கு நடவடிக்கை விதி பதினேழு பி-யில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார். வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு அது. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். விசாரணை அந்த அரைக் கதவு அறைக்குள் நடந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த விண்ணப்பம் ஆபீஸுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

"தபாலில் வந்தது சார்" என்றேன்.

டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. போகலாம் என்றார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், கதவு ஆடி நின்றது. என் நாற்காலி பத்தடி தூரத்தில் இருந்தது. நான் அங்கே போகவில்லை. கதவை ஒட்டியே நின்றேன். கீழே கறுப்பு ஷூ இரண்டும் சேர்ந்து நின்றது தெரிந்தது. பாலிஷ் போட்டிருந்தார்.

"இந்தக் கையெழுத்து உன்னுதா?"

"இல்ல சார்."

"பின்ன யாருது?"

அவருக்குத் தெரியும், நானே அவரிடம் சொல்லியிருந்தேன். அவரால் பொய் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மாமியார் வீட்டை மாமியார் வீடு என்று எழுதியவர். என் வேலை, அம்மா, அப்பாவின் பெயரால் வந்த நாற்காலி எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது.

"யாரு போட்டாங்கன்னு நான் பாக்கல சார். அந்தத் தேதில நான் இங்க இல்ல."

"சம்பளம் மட்டும் வந்து சேந்துடுச்சோ?"

"வந்துச்சு சார். மிச்சம் பேங்க்ல அப்டியே இருக்குது."

விசாரணை அதிகாரி சிரித்தார். டிரைவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த நிஜத்தை வைத்து என்னைக் காப்பாற்றிவிட்டுத் தான் மாட்டிக்கொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நான்தான் போட்டேன் என்று சொல்ல ஒரு அடி போதும். நான் என் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன்.

வேலை போகவில்லை. மூன்று மாதச் சம்பளத்தையும் திரும்பப் பிடித்தார்கள், அக்காவுக்கு அனுப்பிய வித்தியாசத்தையும் சேர்த்து. மூன்று வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. எல்லையில் நின்ற பதினோரு மாதமும் சம்பளமில்லா விடுப்பு. உத்தரவை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது நான்தான். வாங்கினேன். தேதிக்குக் கீழே நேரத்தையும் எழுதினார்.

அதற்குப் பிறகும் தினமும் வந்தார். "டீ. எதிர்க் கடை. 11.05 – 11.15" என்று எழுதினார். என்னிடம் எப்போதும் போல "மேடம்" என்றார். திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். இப்போது நானும் டப்பாவைத் தனியாகத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தேன். மற்றவர்களோடு உட்கார்ந்தால் யாராவது அந்த விசாரணையைப் பற்றிப் பேசுவார்கள் என்று பயம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜீப்பில் அவர் சாப்பிடுவது தெரியும்.

அடுத்த வருஷம் மறுபடி அழைப்பு வந்தது. ஜீப்பை ஒப்படைத்து, மூன்று வரி விண்ணப்பத்தை நீட்டினார். புது அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை உனக்கு எங்கய்யா வலி? முதுகா, முட்டியா?" என்று ஆபீஸுக்கே கேட்கும்படி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். நீல நோட்டில் எழுதினார். "போய்ட்டு வரேன் மேடம்."

இந்த முறை நான் மட்டும் வாசல் வரை போனேன். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறமும் எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. பதினெட்டாவது நாள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியில் முடித்தேன். விண்ணப்பத்தை எழுதியது நான். கையெழுத்துப் போட்டது நான். விசாரணையில் தபாலில் வந்ததாகச் சொன்னது பொய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்கப்பா இருந்தா திட்டியிருப்பாரு" என்றார். எழுதியதற்கா, இவ்வளவு நாள் எழுதாததற்கா என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் பதினேழு பி வந்தது. சம்பள உயர்வு போனது, மெமோ வந்தது, ஆபீஸில் பேச்சும் நின்றது. என்னால் அந்தப் பழைய ஃபைல் திறக்கப்பட்டது. யாரோ ஒருவர் அதன் அடியில் இருந்த பாலிதீன் உறையைப் பிரித்து, அந்த ஆணையைக் கடைசியில் படித்துப் பார்த்திருக்கிறார். டிரைவரின் தண்டனை ரத்து. பிடித்த பணத்தில் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும், மீதி எட்டு மாத வித்தியாசமும் தர வேண்டும். பதினோரு மாதமும் பணி நாட்கள். பணிப் பதிவேட்டில் முதுகு வலியைச் சிவப்பு மையில் அடித்து, "ராணுவப் பணி" என்று நானே எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானமே அவருக்குப் போன் செய்தேன். நாலு தடவை போகவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தார்.

"மேடம், நான் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளிய, தண்ணி டேங்க் பக்கத்துல நிக்கிறேன். பத்து நிமிஷம் பேசலாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியதை, ஆர்டர் வந்ததை, சிவப்பு மையை.

"பதினோரு மாசமும் டூட்டின்னு எழுதியாச்சா?"

"எழுதியாச்சுண்ணே."

"சரி மேடம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அன்னிக்கு என்னிய விசாரிச்சாங்களே மேடம். அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

என் சீட்டில் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கதவாண்டண்ணே. வெளிய நின்னுக்கினு இருந்தேன்."

"ஆமா மேடம். பச்ச வாரு தெரிஞ்சுது" என்றார். "நீங்க உள்ள வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."